அச்சத்தைப் பங்கிட்ட வணிகம்: நகரத்தார் புதுக் கடை தொடங்கிய முறை

புதிதாகத் தொழில் தொடங்குபவரின் மனக்கலக்கத்தை ஒரு சமூகமே சேர்ந்து சுமந்ததற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தெளிவான சான்று, செட்டிநாட்டு நகரத்தாரின் வட்டிக்கடை வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இரண்டாம் உலகப் போர் வரை, மழை பொய்க்கும் சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து புறப்பட்ட, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சுமத்திரா, சைகோன் என்று கடல் கடந்து கடை வைத்தார்கள். போன ஊரின் மொழி தெரியாது. கடன் வாங்குபவரின் குடும்பத்தையும் தெரியாது. கடிதம் ஊர் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். போட்ட முதல் திரும்புமா என்ற கவலையோடு, ஊரில் வீடு என்ன ஆகிறதோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கடை நொடித்துவிட்டால் நகரத்தார் முன்னால் எப்படி நிற்பது என்ற பயமும் இருந்தது. இவற்றைத் தாங்கும் பொறுப்பை அந்தச் சமூகம் தனி ஒருவரின் மனத்திடத்திடம் விட்டுவிடவில்லை. பயிற்சி, கூட்டு முதல், கெடு வைத்த பணி, கோயில் கூட்டம், வீட்டுச் செலவுக்கு வரம்பு என ஒவ்வொரு கவலைக்கும் ஒரு நடைமுறையை வகுத்து வைத்திருந்தது.

உப்பும் மகமையும்

கடல் கடந்த வட்டிக்கடைக்கு முன்பே இந்த நடைமுறைகளுக்கு வேர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நகரத்தார் பழநிக்கு உப்புக் கொண்டுபோய் விற்றதைப் பழநியைச் சார்ந்த பழைய ஆவணங்கள் சொல்கின்றன. குமரப்பன் என்ற வணிகர் இந்த வியாபாரத்தைத் தொடங்கியதாகவும், வருவாயில் ஒரு பகுதியை முருகனுக்கு மகமையாக ஒதுக்கியதாகவும் அவற்றிலிருந்து தெரிகிறது. வழிப்பறிக்கும் விலைச்சரிவுக்கும் அஞ்ச வேண்டிய காலத்தில், வியாபாரத்தின் முதல் பங்காளியாகச் சாமியைச் சேர்த்துக்கொண்டார்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்துப் பழநிக்கு நடந்து போகும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

மகமைக்குப் பக்தியோடு நடைமுறைப் பயனும் இருந்தது. ஒவ்வொரு கடையும் தன் வரவுக்கு ஏற்பக் கோயிலுக்குச் செலுத்தியதால் கோயிலில் ஒரு பொது நிதி சேர்ந்தது. அந்தப் பணம் நம்பகமான கடைகளுக்கே வட்டிக்குத் திரும்பி வந்தது. மகமை தவறாமல் கட்டும் கடைக்கு நாணயமான கடை என்ற பெயர் நின்றது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1850களிலேயே நகரத்தார் தண்டாயுதபாணி கோயில்களை எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டுக் கோயில் 1859இல் கட்டப்பட்டது. புது ஊரில் இறங்கியவருக்குப் போக ஓர் இடமும், தகராறு வந்தால் பேசித் தீர்க்கப் பெரியவர்களும் அங்கே கிடைத்தார்கள்.

பெட்டியடியிலிருந்து

நகரத்தார் வழக்கில் சொந்தக் கடை வைப்பது ஒருவருடைய தொழில் வாழ்க்கையின் முதல் படியாக இருந்ததில்லை. அதற்கு முன் நீண்ட பழக்கம் தேவைப்பட்டது. சிறுவர்கள் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு என்று கீழ்வாய் இலக்கம் அத்தனையும் நாவில் நின்றாக வேண்டும். பல நாள் வட்டியைத் தாளில் எழுதாமல் மனக்கணக்காகவே சொல்லும் திறமை இந்தப் பயிற்சியில் வந்தது.

பன்னிரண்டு, பதினான்கு வயதில் பையன் ஏதாவது ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பெட்டியடியில் இருந்துகொண்டு பணத்தை எண்ணி வைப்பது, ஏவின வேலையைச் செய்வது, குறிப்பில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றப் பழகுவது எல்லாம் அவன் வேலை. கொஞ்ச காலம் கழித்து அடுத்தாள் ஆவான். வசூலுக்குப் போவான், கடன் கேட்டு வருபவரின் நிலத்தை, வீட்டை, பேச்சை அளந்து பார்ப்பான். அதற்கும் மேலே போனால் ஏஜெண்டு. முதலாளியின் பேரில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தோடு ஒரு கடையையே நடத்துபவர் அவர்தான். சிறுகச் சிறுகச் சேர்த்த சம்பளத்தை அதே கடையில் வட்டிக்கு விட்டு வைத்து, நாலு பேரின் நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகே பலர் சொந்தக் கடை போட்டார்கள்.

அ.மு. முருகப்பச் செட்டியாரின் வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளத்தூரைச் சேர்ந்த அவர் 1898இல், 14 வயதில், பர்மாவில் உறவினரின் கடையில் தொழில் பழகப் போனார். அதன் பிறகுதான் தம் பெயரில் வட்டிக்கடை தொடங்கி மலேயா, இலங்கை என்று விரித்தார். சொந்தக் கடையைத் திறக்கும் நாளில் இப்படிப்பட்ட ஒருவருக்குக் கடைக்குள் நடக்கும் காரியங்களில் புதியது எதுவும் இருக்காது. வாராக் கடனை அடுத்தவர் பணத்தில் பார்த்திருப்பார். பொய்ப் பத்திரத்தையும் முதலாளியின் கோபத்தையும் கண்டிருப்பார். தெரியாததைப் பற்றிய பயத்தில் பெரும்பகுதி பெட்டியடியிலேயே தீர்ந்துவிட்டது.

முதல் பணம், மேல் பணம், அடத்தி

கடையின் முதல் ஒருவர் கையிலிருந்து மட்டும் வந்ததில்லை. முதலாளியும் பங்காளிகளும் போட்டது முதல் பணம். உறவினர், சம்பந்தக்காரர், கோயில், ஊரிலுள்ள பெண்கள் எனப் பலர் வட்டிக்கு விட்டு வைத்தது மேல் பணம். ஆச்சிமார் தங்கள் சீதனப் பணத்தைக் கடைகளில் போட்டு வைத்தார்கள். அது அவர்கள் பெயரிலேயே வட்டியோடு வளர்ந்தது. புருஷன் கடை நொடித்தாலும், வேறு கடையில் இருக்கும் சீதனப் பணம் வீட்டைத் தாங்கும் என்ற நிலை பல குடும்பங்களில் இருந்தது.

சிறு கடைகளுக்குப் பின்னால் அடத்திக் கடைகள் நின்றன. ரங்கூன், சென்னை போன்ற நகரங்களில் இருந்த இந்தப் பெரிய கடைகள், உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டுகளை மாற்றுவது, அவசரத்துக்குப் பணம் தருவது, உபரிப் பணத்தை வாங்கி வைப்பது ஆகிய வேலைகளைச் செய்தன. பர்மா டெல்டாவின் உள்ளூரில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு யாராவது திடீரென வந்து நின்றால், அவர் அடத்திக்கு ஆள் அனுப்பலாம். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல் கணக்கெடுத்தபோது, அந்த நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. இத்தனை பெரிய தொகை எழுத்தாலும் சொல்லாலும் கைமாறியது, கடைகள் ஒன்றையொன்று தாங்கி நின்றதால்தான்.

வட்டி விகிதத்திலும் தனித்தனிக் குழப்பம் இல்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் நகரத்தார் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கும், போட்டு வைக்கும் பணத்துக்கும் அதுவே அடிப்படை. அரிசிச் சந்தை எப்படி, எந்த ஆலை தள்ளாடுகிறது, எந்தக் கடன்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்ற செய்திகளும் அங்கே பரிமாறப்பட்டன. தனியாக உட்கார்ந்து ஊகித்துப் பயப்படுவதற்குப் பதிலாக, மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நிலவரத்தைப் பார்க்கும் ஏற்பாடு அது.

மூன்றாண்டுக் கணக்கு

ஏஜெண்டின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. புறப்படும்போதே மூன்றாண்டுச் சம்பளம் பேசி முடிக்கப்படும். அதில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குக் கிடைக்கும். கெடு முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு வந்து சேர்வார். பழையவரும் புதியவரும் உட்கார்ந்து, நிலுவைக் கடன் ஒவ்வொன்றையும் பேரேட்டை வைத்துச் சரிபார்ப்பார்கள். எந்தக் கடன் நல்லது, எது இழுக்கும், எது வராது என்று பிரித்து ஐந்தொகை எடுப்பார்கள். பற்றும் வரவும் நேர்பட்ட பிறகு சாவியும் பத்திரங்களும் கைமாறும். ஊர் திரும்பியவருக்கு, கணக்கு சரியாக இருந்தால், லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. அடுத்த பயணம் வரை அவர் வீட்டிலிருப்பார்.

இந்த ஏற்பாட்டின் பலம் அதன் கெடுவில் இருந்தது. பாரம் எவ்வளவு கனமானாலும் இறக்கி வைக்கும் நாள் தெரிந்திருந்தது. கைமாற்றும்போது வாராக் கடனை வெளியே எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்பதால், மூடி மறைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உள்ளுக்குள் புழுங்க வழியில்லை. ஊரிலிருந்த முதலாளிக்கும் இதில் நிம்மதி இருந்தது. கடையின் கணக்கு நகல் தவறாமல் செட்டிநாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வந்த கணக்கை அங்கே ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்துக் கேள்வி கேட்டுப் பதில் எழுதுவார். இடையில் கடல் இருந்தாலும் கடை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது.

கிட்டங்கி வாழ்க்கை

சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இந்த ஏற்பாட்டைக் கண்முன் காட்டின. நீளமான ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், சாய்ந்த மூடியுள்ள ஒரு கைப்பெட்டி, பின்னால் பத்திரமும் பணமும் வைக்க ஓர் அலமாரி அல்லது இரும்புப் பெட்டி. நெற்றியில் திருநீற்றோடு சம்மணமிட்டு அமர்ந்து கைப்பெட்டியின் மேல் கணக்கு எழுதுவார்கள். கடன் கேட்டு வருபவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ தமிழராகவோ இருக்கலாம். ஒருவரிடம் கேட்டுக் கிடைக்காதவர் இரண்டு பாய் தள்ளிப் போய் இன்னொருவரிடம் கேட்கும்போது, முதலாமவர் ஏன் மறுத்தார் என்பது இரண்டாமவருக்குத் தெரிந்துவிடும்.

இரவில் அதே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். சமையல் பொது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் அநேகமாக இல்லாததால், கூடத்திலிருந்தவர்களே ஒருவருக்கொருவர் வீட்டு மனிதர்கள். புதிதாக வந்த பையனுக்குக் காய்ச்சல் என்றால் பார்த்துக்கொள்ள மூத்தவர் இருந்தார். ஒருவருடைய கடன் மோசம் போனால் பக்கத்துப் பாய்க்காரருக்குச் சொல்லாமலே தெரிந்தது. தனித்துக் கிடந்து வதைபட இடமில்லாத வாழ்க்கை அது. ஆனால் தனக்கென்று ஒரு மறைவும் அங்கே கிடையாது. போட்டிக்காரரும் ஆறுதல்காரரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருந்தார்.

வீட்டுச் செலவுக்கு வரம்பு

கடையின் ஏற்ற இறக்கம் அடுப்படி வரை வராமல் தடுக்கவும் வழி செய்திருந்தார்கள். கல்யாணமான மகனை வேறு வைப்பது நகரத்தார் வழக்கம். ஒரே பெரிய வீட்டில்தான் எல்லோரும் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தம்பதிக்கும் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்த அரிசியும் பணமும். அதற்குள் குடும்பம் நடத்தியாக வேண்டும். மிஞ்சினால் அவர்களுக்கு வரவு, மீறினால் அவர்கள் பேரில் பற்று. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலும் இந்த வழக்கத்தைக் குறிப்பிடுகிறது.

இதனால் கடை வைத்திருப்பவருக்கு வீட்டின் ஆண்டுச் செலவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நல்ல ஆண்டில் வந்த லாபம் தினச்செலவில் கரையவில்லை; கெட்ட ஆண்டில் அடுப்பு அணையவும் இல்லை. கல்யாணமான புதிதிலேயே வரவு செலவு பார்க்கப் பழகிய பெண்கள், கணவர் மூன்று ஆண்டு இல்லாத வீட்டைத் தாமே நடத்தினார்கள். நிலம், வட்டி, சீர், சடங்கு எதுவும் நிற்கவில்லை.

யார் சுமந்தது

இந்த முறை அச்சத்தைப் பங்கிட்டது, ஒழித்துவிடவில்லை. பங்கீட்டில் சிலருக்கு அதிகம் விழுந்தது. பதினான்கு வயதுப் பையன் தாயை விட்டுக் கப்பலேறினான். இளம் மனைவியர் மூன்று மூன்று ஆண்டாகத் தனித்து வாழ்ந்தார்கள். பிறந்த குழந்தையை அப்பா முதன்முதலாகப் பார்க்கும்போது அது நடந்துகொண்டிருந்தது. கணக்கில் தவறு செய்தவனுக்கும் கடை நொடித்தவனுக்கும் கோயிலிலும் கல்யாணப் பேச்சிலும் தலைகுனிவு ஏற்பட்டது. தாங்கிய அதே சமூகம்தான் கண்காணிக்கவும் செய்தது. சுமத்திராவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்த ப. சிங்காரம் பின்னாளில் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ நாவல்களில் பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும் வாழ்ந்த இறுக்கமான உலகம் பதிவாகியிருக்கிறது.

பங்கீட்டுக்கு வெளியே இருந்தவர் பர்மிய உழவர். 1852இல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசி ஏற்றுமதியைப் பெருக்கின. டெல்டாவில் நெல் விளைந்த நிலம் 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காட்டை வெட்டிக் கழனியாக்கிய உழவருக்குக் கடன் செட்டியாரிடமிருந்தோ, செட்டியாரிடம் வாங்கி மறுபடி கடன் கொடுத்த பர்மியரிடமிருந்தோ வந்தது. மற்றவர்கள் கேட்டதைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பது உண்மை. ஆனால் விளைச்சலோ விலையோ பொய்த்தால் தாங்கிப் பிடிக்க உழவருக்கு ஓர் அடத்தியும் இல்லை.

1930: எல்லோருக்கும் ஒரே நாளில்

ஒருவர் கடை தள்ளாடும்போது மற்றவர் தாங்குவது என்ற ஏற்பாடு, எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் தள்ளாடினால் பயன்படாது. இலங்கையில் 1925இலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை வந்தது. அங்கே பெரிய செட்டியார் கடை ஒன்று முறிந்ததும், ஐரோப்பிய வங்கிகள் மற்றச் செட்டியார்களுக்குக் கடன் கொடுப்பதையும் சுருக்கிக்கொண்டன. ஒருவரோடொருவர் பிணைந்த நம்பிக்கை, சரியும்போதும் ஒன்றாகவே சரிந்தது.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவைத் தாக்கியது. நெல் விலை ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதியானது. உழவரால் வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. கடனுக்கு ஈடாக இருந்த நிலம் செட்டியார்கள் கைக்கு வரத் தொடங்கியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். அவர்கள் விரும்பியது பணம். கிடைத்ததோ விற்க முடியாத நிலம். கணக்கில் சொத்து பெருகியது, கையில் ரொக்கம் வற்றியது, பர்மியரின் கோபம் வளர்ந்தது.

இந்தக் கட்டத்தில் நகரத்தாரிடையே இரண்டு வழிகள் பிரிந்தன. விலை ஏறும், நிலத்தை விற்றுவிடலாம் என்று காத்திருந்தவர்கள் பலர். பணத்தை மெல்ல வெளியே எடுத்து வேறு தொழிலில் போட்டவர்கள் சிலர். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முருகப்பச் செட்டியார் குடும்பம் 1930களில் தன் முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஆலைத் தொழிலுக்கு மாறியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் உற்பத்தி செய்யும் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அந்தக் குடும்பத்தால் தொடங்கப்பட்டது.

காத்திருந்தவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும், தாமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் இறந்தார்கள். சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1960களில் நே வின் தலைமையிலான ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பேரேடுகளில் எழுதியிருந்த நிலுவை பெரும்பாலும் வசூலாகவே இல்லை.

முறையின் மதிப்பு

நூறு ஆண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான கடைகள் இந்த முறையில் எழுந்தன. தனி மனிதரின் துணிச்சலை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை கடைகள் வந்திருக்காது. தொழில் தொடங்குமுன் அடுத்தவர் கடையில் பழகுவது, நட்டம் வந்தாலும் கைவைக்க முடியாத பணத்தை வீட்டுக்கென்று தனியாக வைப்பது, வாராக் கடனைக் கெடுவுக்குள் வெளியே சொல்லிவிடுவது, அதே தொழிலில் உள்ளவர்களோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து நிலவரம் பேசுவது, பாரத்தை இறக்கி வைக்கும் நாளை முன்பே குறிப்பது ஆகியவை அவர்களை நிலைநிறுத்தின. இன்று தொழில் தொடங்கி உறக்கம் இழப்பவர்களுக்கும் இவை ஒவ்வொன்றும் எட்டக்கூடியதே.

அந்த முறையில் இருந்த குறை, பங்கிட்ட எல்லோரும் ஒரே பயிரை, ஒரே நாட்டை, ஒரே விலையை நம்பியிருந்தது. பக்கத்துக் கடையால் தாங்க முடியாத ஆபத்தை அவர்களில் பெரும்பாலோர் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தவர்களின் தொழில் போருக்குப் பிறகும் நிலைத்தது.